மறைந்த எழுத்தா, மாறிய திரையா?

பழைய தரவுத்தள மென்பொருள்களின் காட்சிக் குறைகள்: ஒரு வரலாற்று நோக்கு

முன்னுரை

ஓலைச்சுவடியைப் படித்தறிதல் எளிய செயலன்று. சுவடி எழுதியோர் மெய்யெழுத்துகளுக்குப் பெரும்பாலும் புள்ளி இடுவதில்லை. புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்பது அதற்குக் காரணமாகச் சொல்லப்படும். எகர ஏகாரங்களுக்கும் ஒகர ஓகாரங்களுக்கும் அவர்கள் வடிவ வேறுபாடு காட்டுவதும் அரிது. ஆயினும் அக்கால எழுத்து மரபை அறிந்தோர் சுவடியைத் தடையின்றிப் படித்தனர். மரபறியாதார் கையிலோ அதே சுவடி பொருளற்ற கீறல்களின் தொகுதியாயிற்று. அவ்வாறு பயனற்றவை எனக் கருதப்பட்டு நெருப்பிலும் நீரிலும் இடப்பட்ட ஏடுகள் பல. அவற்றில் எழுத்து இருந்தது. படிக்கும் முறைதான் மறைந்திருந்தது.

கணினியில் சேமிக்கப்பட்ட பழைய பதிவேடுகளுக்கும் இன்று இதே நிலை நேர்கின்றது. இருபது, முப்பது ஆண்டுகளுக்கு முன்னர் உருவாக்கிய மாணவர் பதிவேட்டையோ, சங்க உறுப்பினர் பட்டியலையோ, நூலக அட்டவணையையோ புதிய கணினியில் திறந்தால், தமிழ்ப் பெயர்கள் நிற்கவேண்டிய இடத்தில் ஆங்கில எழுத்துகளும் விந்தையான குறிகளும் நிற்பதைக் காணலாம். "கோப்பு கெட்டுவிட்டது" என்று முடிவு கட்டி அதனை அழித்துவிடுவோரும் உளர். அம்முடிவு பெரும்பாலும் தவறானது. திரையில் எழுத்து உடைவது வேறு. கோப்பில் எழுத்து அழிவது வேறு. இவ்விரண்டையும் பிரித்தறிய, இம்மென்பொருள்கள் வளர்ந்த வரலாற்றை அறிதல் வேண்டும்.

தனியொருவர் செய்த கருவி

தரவுத்தளம் என்னும் சொல் ஒரு காலத்தில் பெருங்கணினிகளுக்கே உரியதாக இருந்தது. 1970-இல் ஐ.பி.எம். நிறுவனத்தைச் சேர்ந்த எட்கர் காட் என்பார், தரவுகளை வரிசையும் நிரலும் கொண்ட அட்டவணைகளாக அமைக்கும் கோட்பாட்டை வெளியிட்டார். அக்கோட்பாடு எளிய மனிதனின் மேசைக்கு வர மேலும் சில ஆண்டுகள் சென்றன.

அமெரிக்காவின் ஜெட் புரொபல்ஷன் ஆய்வுக்கூடத்தில், யுனிவாக் 1108 என்னும் பெருங்கணினியில் 'ஜேபிஎல்டிஸ்' என்ற தரவு மேலாண்மை மென்பொருள் இயங்கி வந்தது. அங்குப் பணியாற்றிய வேய்ன் ராட்லிஃப், அதனைப் பின்பற்றி, 1970-களின் இறுதியில் தம் சொந்த நுண்கணினிக்கென ஒரு மென்பொருளை எழுதினார். 'வல்கன்' என்பது அவர் இட்ட பெயர். பின்னர் ஜார்ஜ் டேட், ஹால் லாஷ்லி ஆகிய இருவர் அதனை 'டிபேஸ் 2' எனப் பெயர் மாற்றி விற்பனைக்குக் கொண்டுவந்தனர். 'டிபேஸ் 1' என்றொன்று விற்கப்பட்டதே இல்லை. இரண்டாம் பதிப்பு என்றால் வாங்குவோருக்கு நம்பிக்கை பிறக்கும் என்பது வணிகக் கணக்கு. அந்நிறுவனம் ஆஷ்டன்-டேட் எனப் பெயர் பெற்றது; ஆஷ்டன் என்றொரு பங்காளி அதில் இருந்ததில்லை என்பது சுவையான செய்தி.

1984-இல் 'டிபேஸ் 3' வெளிவந்தது. டிபேஸ் மென்பொருளைத் தழுவி 'கிளிப்பர்', 'ஃபாக்ஸ்பேஸ்', 'ஃபாக்ஸ்புரோ' முதலியவை எழுந்தன. 1988-இல் வந்த 'டிபேஸ் 4' பிழைகள் மலிந்திருந்தமையால் பயனர் நம்பிக்கையை இழந்தது. 1991-இல் ஆஷ்டன்-டேட் நிறுவனத்தைப் போர்லாண்ட் வாங்கியது. 1992-இல் ஃபாக்ஸ்புரோவை உருவாக்கிய நிறுவனத்தை மைக்ரோசாஃப்ட் வாங்கியது. 'விஷுவல் ஃபாக்ஸ்புரோ'வின் இறுதிப் பதிப்புக்குரிய ஆதரவும் 2015-இல் முடிவுற்றது. மென்பொருள்களின் காலம் முடிந்தது; அவற்றில் எழுதிய கோப்புகளோ அப்படியே இருக்கின்றன. இன்றைய இடர்ப்பாடு இவ்விடத்தில்தான் தோன்றுகின்றது.

பதிவேட்டின் உடலமைப்பு

டிபேஸ் 3 கோப்பின் அமைப்பு மிக எளியது. பள்ளியில் தாளில் எழுதும் பதிவேட்டோடு அதனை ஒப்பிட்டுப் பார்க்கலாம். பதிவேட்டின் முதற்பக்கத்தில் தலைப்புகளும், அடுத்து வரும் பக்கங்களில் மாணவர் விவரங்களும் இருத்தல் போல, கோப்பின் தொடக்கத்தில் தலைப்பகுதியும், அதன்பின் பதிவுகளும் அமைகின்றன.

கணினியில் ஓர் எண்ணைத் தாங்கும் சிற்றிடத்தைப் பைட் என்பர். அதில் 0 முதல் 255 வரை உள்ள எண்களுள் ஒன்று அடங்கும். தலைப்பகுதியின் முதல் 32 பைட்டுகளில் கோப்பின் வகை, கடைசியாகத் திருத்திய நாள், பதிவுகளின் எண்ணிக்கை, தலைப்பகுதியின் நீளம், ஒரு பதிவின் நீளம் ஆகியவை குறிக்கப்பெறும். அடுத்து, ஒவ்வொரு புலத்துக்கும் 32 பைட் வீதம் அதன் பெயரும் வகையும் அகலமும் எழுதப்பெறும். இறுதியில் ஒரு பைட் முடிவுக்குறியாக நிற்கும்.

இவ்வெளிமை ஒரு நன்மை தருகின்றது. கோப்பு முழுமையாக உள்ளதா என்பதைக் கூட்டல் பெருக்கல் அறிந்த எவரும் சரிபார்க்கலாம். ஐந்து புலங்களும், பதிவுக்கு 60 பைட் நீளமும், 400 பதிவுகளும் கொண்ட ஒரு கோப்பை எடுத்துக்கொள்வோர், தலைப்பகுதிக்கு 32-உம், புலங்களுக்கு 160-உம், முடிவுக்குறிக்கு 1-உம் சேர்த்து 193 எனக் கணக்கிடுவர். பதிவுகளுக்கு 24,000. மொத்தம் 24,193. கோப்பின் இறுதிக்குறி ஒன்று சேர்ந்தால் 24,194. வட்டில் உள்ள கோப்பின் அளவு இதனோடு ஒத்திருந்தால், பதிவுகள் பாதியில் அறுபட்டுப் போகவில்லை என்று கொள்ளலாம்.

ஒவ்வொரு பதிவின் முதற்பைட்டும் நீக்கக் குறிக்குரியது. ஒரு பதிவை நீக்கும்படி ஆணையிட்டால், அம்மென்பொருள் அதனை உடனே அழிப்பதில்லை. அவ்விடத்தில் ஓர் உடுக்குறியை மட்டும் இடும். 'பேக்' என்னும் ஆணையைத் தரும்வரை அப்பதிவு கோப்பிலேயே கிடக்கும். 'ரீகால்' என்னும் ஆணையால் மீட்கவும் முடியும். பட்டியலில் காணாமற்போன பெயர் கோப்பில் ஒளிந்திருக்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படும்.

கோடு எழுத்தான கதை

அக்காலத் திரை பெரும்பாலும் வரிக்கு 80 எழுத்து வீதம் 25 வரிகள் கொண்டது. 80 என்னும் அளவு, 1928-இல் ஐ.பி.எம். உருவாக்கிய 80 நிரல் துளையட்டையின் எச்சம் என்பர். படங்காட்டும் வசதி குறைவாக இருந்தமையின், திரையில் கட்டம் போடவும் எழுத்துக் குறியீடுகளே பயன்பட்டன.

எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் 'ஆஸ்கி' முறை 1963-இல் வகுக்கப்பட்டது. அது 0 முதல் 127 வரை உள்ள எண்களை ஆங்கில எழுத்துகளுக்கும் குறிகளுக்கும் ஒதுக்கியது. 128 முதல் 255 வரையான மேற்பாதியை அவரவர் விருப்பம்போல நிரப்பிக்கொண்டனர். 1981-இல் வெளிவந்த ஐ.பி.எம். தனியாள் கணினி, '437' என்னும் குறியீட்டுப் பக்கத்தைக் கையாண்டது. அதில் 196-ஆம் எண் கிடைக்கோட்டையும், 179-ஆம் எண் நிலைக்கோட்டையும் குறிக்கும். பின்னர் வந்த விண்டோஸ், மேலை ஐரோப்பிய மொழிகளுக்காக '1252' என்னும் வேறொரு பக்கத்தைக் கையாண்டது. அதில் 196 என்பது தலையில் இரட்டைப் புள்ளி கொண்ட ஒரு ஐரோப்பிய எழுத்து. 179 என்பது மேலே உயர்த்தி எழுதிய சிறு மூன்று.

எனவே, பழைய மென்பொருள் உருவாக்கிய அறிக்கையை விண்டோஸில் திறந்தால், அழகிய கட்டங்கள் மறைந்து, புள்ளி வைத்த எழுத்துகள் வரிசை வரிசையாக அணிவகுக்கும். கோப்பில் ஓர் எண்ணும் மாறவில்லை. எண்ணுக்கு வடிவம் காட்டும் அட்டவணைதான் மாறியது.

இக்குழப்பத்தைத் தவிர்க்கப் பிற்காலக் கோப்புகளில் ஒரு வழி செய்தனர். தலைப்பகுதியின் 30-ஆம் பைட்டில் எந்தக் குறியீட்டுப் பக்கம் என்பதைக் குறித்துவைத்தனர். ஃபாக்ஸ்புரோவில் அங்கு 1 இருந்தால் 437 என்றும், 3 இருந்தால் 1252 என்றும் பொருள். 0 இருந்தால் குறிப்பு ஏதும் இல்லை என்று பொருள். ஆனால் ஐரோப்பிய மொழியாளருக்கு உதவிய இக்குறிப்பே தமிழருக்கு இடையூறாகவும் அமைந்தது. அது எவ்வாறென்பதைக் காணத் தமிழ் எழுத்து கணினிக்குள் புகுந்த வகையை நோக்குதல் வேண்டும்.

தமிழுக்கு நேர்ந்த இடர்

தமிழ் எழுத்துகள் 247. மேற்பாதியில் இருந்த இடங்களோ 128. எல்லா எழுத்துகளுக்கும் தனித்தனி எண் தருதல் இயலாது. ஆகவே, கால், கொம்பு, புள்ளி முதலிய உறுப்புகளைத் தனியே பிரித்து, அவற்றைச் சேர்த்து எழுதும் முறையை எழுத்துரு வரைந்தோர் மேற்கொண்டனர். எவ்வுறுப்புக்கு எந்த எண் என்பதில் ஒருமைப்பாடு இல்லை. ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு வழியிற் சென்றது.

சிலர் ஆங்கில எழுத்துகளின் இடத்திலேயே தமிழை வைத்தனர். இலங்கைத் தமிழரிடையே பெருவழக்குப் பெற்ற பாமினி எழுத்துரு இத்தகையது. அதன் அமைப்பு தமிழ்த் தட்டச்சுப்பொறியின் விசைகளை ஒட்டியது. பாமினி இல்லாத கணினியில் 'தமிழ்' என்னும் சொல், ஜே, கே, பி, ஓ என்னும் நான்கு ஆங்கில எழுத்துகளாகவும் ஓர் அரைப்புள்ளியாகவும் தோன்றும். தகரத்துக்கு ஜே, மகரத்துக்கு கே, இகர விசிறிக்குப் பி, ழகரத்துக்கு ஓ, புள்ளிக்கு அரைப்புள்ளி என்று அறிந்தவருக்கு அது தமிழே. அறியாதவருக்கு அது குப்பை.

மேற்பாதியில் தமிழை வைத்தவர்களுக்கு வேறோர் இடர் நேர்ந்தது. மேற்சொன்ன குறியீட்டுப் பக்கக் குறிப்பைக் கண்ட ஃபாக்ஸ்புரோ, "இது 437, இதனை 1252-க்கு மாற்றுவோம்" என்று தானே எண்களை மாற்றிக் காட்டியது. ஐரோப்பிய எழுத்துக்கு அது பொருத்தம். தமிழுக்கு அது பேரிழப்பு. ஈடில்லாத எண்கள் வேறு குறிகளாயின. அந்நிலையில் கோப்பைப் படியெடுத்துச் சேமித்தால், மாறிய எண்களே நிலைபெற்றுவிடும்.

அகரவரிசையும் குலைந்தது. எழுதும் ஒழுங்கில் உறுப்புகளைச் சேமித்தமையால், 'பெரியசாமி' என்னும் பெயரில் முதலில் நிற்பது கொம்பு. பகரம் அடுத்து நிற்கும். 'செல்வம்' என்பதும் அவ்வாறே. ஆகவே பெயர்களை வரிசைப்படுத்தினால், பெரியசாமியும் செல்வமும் ஒரே இடத்திற் கூடுவர். பழனியும் பெரியசாமியும் பிரிந்துவிடுவர். ஒரு வகுப்பின் பெயர்ப்பட்டியல் தமிழ் நெடுங்கணக்கை மறந்து நின்ற காட்சி இது.

இக்குழப்பத்தைத் தீர்க்க முயன்றோருள் மலேசிய, சிங்கப்பூர்த் தமிழருக்குச் சிறப்பிடம் உண்டு. மலேசியாவின் முத்து நெடுமாறன் 1980-களிலிருந்து 'முரசு' மென்பொருளை வளர்த்து வந்தார். சிங்கப்பூர் எழுத்தாளரும் தேசியக் கல்விக் கழக விரிவுரையாளருமான நா. கோவிந்தசாமி 'கணியன்' மென்பொருளை உருவாக்கியதோடு, 1997-இல் சிங்கப்பூரில் முதல் தமிழிணைய மாநாடு கூடவும் முன்னின்றார். 1999-இல் சென்னையில் நடந்த மாநாட்டையடுத்துத் தமிழக அரசு 'டாம்', 'டாப்' என்னும் குறியீடுகளை ஏற்றது. உலகத் தமிழ் ஆர்வலர் மின்னஞ்சல் வழிக் கலந்துபேசி 'டிஸ்கி' என்னும் குறியீட்டை வகுத்தனர். 2000-இல் சிங்கப்பூரில் மீண்டும் கூடிய மாநாட்டையொட்டி 'உத்தமம்' என்னும் உலகத் தமிழ்த் தகவல் தொழில்நுட்ப மன்றம் தோன்றியது. ஒரு மொழிக்குப் பல குறியீடுகள் என்னும் நிலை இவ்வாறு சிலவாகச் சுருங்கிற்று. எனினும் முன்னமே எழுதி முடித்த கோப்புகள் பழைய குறியீட்டிலேயே நின்றன.

ஒருங்குறியும் குறுகிய கட்டமும்

உலக மொழிகள் அனைத்துக்கும் ஒரே எண்முறை காணும் நோக்கில் 1991-இல் ஒருங்குறியின் முதற்பதிப்பு வெளிவந்தது. அதில் தமிழுக்கென ஒரு பகுதி ஒதுக்கப்பட்டது. விண்டோஸ் 2000 தமிழ் ஒருங்குறியை ஏற்றுக்கொண்ட பின்னர் அதன் வழக்கு பரவியது. 2010-இல் தமிழக அரசும் ஒருங்குறியை ஏற்றது.

ஒருங்குறியில் மெய் முன்னும் உயிர்க்குறி பின்னும் சேமிக்கப்படும். 'கொ' என்பதில் முதலில் ககரம், பின்னர் ஒகரக்குறி. திரையில் கொம்பையும் காலையும் இருபுறம் நிறுத்துவது இயக்க மென்பொருளின் வேலை. அவ்வேலையை அறியாத பழைய மென்பொருளில் உறுப்புகள் இடம் மாறி நிற்கும்.

அதனினும் பெரிய இடர் கட்டத்தின் அகலம் பற்றியது. இன்று பெருவழக்கிலுள்ள 'யுடிஎஃப் 8' முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட் கொள்ளும். 'கிருஷ்ணமூர்த்தி' என்னும் பெயர் 15 குறிகளால் ஆனது. அதற்கு 45 பைட் வேண்டும். பழைய கோப்பில் பெயருக்கு ஒதுக்கிய அகலம் 20 எனின், 'கிருஷ்' என்னும் பகுதி 18 பைட்டில் அடங்கும். எஞ்சிய இரண்டு பைட்டில் ணகரத்தின் மூன்றில் இரு பங்கு மட்டுமே புகும். திரையில் 'கிருஷ்' என்பதை அடுத்து ஒரு வினாக்குறி நிற்கும். இது காட்சிக் குறை அன்று, உண்மையான இழப்பு. பெயரின் பிற்பகுதி கோப்பில் இல்லவே இல்லை.

ஒழுங்காகத் தோன்றும் பிழை

திரை உடைந்திருந்தும் தரவு நலமாக இருத்தல் ஒரு நிலை. திரை ஒழுங்காக இருந்தும் தரவு பிழைபட்டிருத்தல் மற்றொரு நிலை. பின்னதற்குத் தேதி சான்றாகும்.

டிபேஸ் 3 கோப்பில் தேதி எட்டு இலக்கமாகச் சேமிக்கப்படும். ஆண்டுக்கு நான்கு இலக்கம் உண்டு. ஆனால் திரையில் இரண்டிலக்கம் மட்டுமே காட்டும் வழக்கம் இருந்தது. இரண்டிலக்கம் தட்டினால் அம்மென்பொருள் 19 என்பதைத் தானே முன்னே சேர்த்துக்கொள்ளும். 2005-இல் பிறந்த குழந்தையின் ஆண்டை 05 என்று பதிந்தால், கோப்பில் 1905 என்று பதியும். திரையில் 05 என்றே தோன்றுவதால் பிழை கண்ணுக்குப் புலப்படாது. அக்குழந்தை 2012-இல் முதலாம் ஆண்டு வகுப்பில் சேரும்போது, வயதைக் கணக்கிட்டால் 107 என்று வரும்.

நூற்றாண்டைக் காட்டும்படி ஆணையிட்டால் இப்பிழை உடனே வெளிப்படும். திரையில் தோன்றுவதை மட்டும் நம்பி ஒரு கோப்பைச் சரியென்றோ பிழையென்றோ சொல்லுதல் ஆகாது என்பதற்கு இஃது ஓர் எடுத்துக்காட்டு.

குறை களையும் முறை

இவ்வரலாற்றிலிருந்து பெறப்படும் முறை தெளிவானது.

முதலாவது, மூலக்கோப்பைத் தொடாமல் படியெடுத்தல். விரிவான குறிப்புகள் வேறொரு துணைக்கோப்பில் இருக்கும் ஆதலின், ஒரே பெயர் கொண்ட துணைக்கோப்புகள் அனைத்தையும் சேர்த்தே படியெடுத்தல் வேண்டும். ஆய்வும் திருத்தமும் படியில்தான் நிகழவேண்டும்.

இரண்டாவது, கோப்பின் அளவைத் தலைப்பகுதியோடு ஒப்பிட்டு, முழுமையை உறுதி செய்தல்.

மூன்றாவது, சிதைவையும் இழப்பையும் பிரித்தறிதல். திரையில் விந்தையான குறிகள் ஒன்றுக்கொன்று வேறுபட்டு, ஒரே பெயர் வருமிடமெல்லாம் ஒரே வரிசையில் நின்றால், அது சிதைவு, மீட்கலாம். எல்லா எழுத்தும் ஒரே வினாக்குறியாக நின்றால், பைட்டுகளை எண்ணாகக் காட்டும் கருவியால் பார்க்கவேண்டும். அங்கும் வினாக்குறிக்குரிய 63 என்னும் எண்ணே திரும்பத் திரும்ப நின்றால், அது இழப்பு. அப்பகுதிக்குத் தாளில் உள்ள மூலத்தையே நாடவேண்டும்.

நான்காவது, எழுத்துருவை அடையாளங் காணுதல். தாள் பதிவேட்டிலிருந்து அறிந்த ஒரு பெயரை எடுத்து, கோப்பில் அதே பதிவோடு ஒப்பிட்டால், எவ்வெண் எவ்வெழுத்து என்பது படிப்படியாக விளங்கும். பழைய மென்பொருளை இயக்கிப் பார்க்க வேண்டின், இன்றைய 64 பிட் விண்டோஸ் அதனை நேரே ஏற்காது. 'டாஸ்பாக்ஸ்' போன்ற பழங்கணினிப் போலிகை மென்பொருள் துணைசெய்யும்.

ஐந்தாவது, மாற்றுதல். கொம்பும் காலும் சூழ்ந்த ஒகர ஓகார வரிசைகளை முதலில் மாற்றி, எகர ஏகார வரிசைகளை அடுத்து மாற்றவேண்டும். முறை மாறினால் 'கொ' என்பது 'கெ' என்றும் ஒரு தனிக்காலாகவும் பிரிந்துவிடும். மாற்றிய பெயர்களைப் போதிய அகலமுள்ள புதிய புலத்தில் வைத்தல் இன்றியமையாதது.

இறுதியாக, தமிழறிந்த ஒருவர் படித்துச் சரிபார்த்தல். ல, ள, ழ வேறுபாட்டையும் ந, ண, ன வேறுபாட்டையும் எந்த மென்பொருளும் தானே உறுதி செய்யாது. இப்பணிக்குத் தமிழாசிரியரே தக்கவர். உடைந்த எழுத்தின் மேலேயே புதிதாகத் தட்டித் திருத்தும் பழக்கம் மட்டும் கூடவே கூடாது. பழைய குறியீடும் புதிய குறியீடும் ஒரே கோப்பிற் கலந்துவிட்டால், பின்னர்ப் பிரித்தல் மிக அரிது.

முடிவுரை

டிபேஸ் கோப்பில் மதிப்பெண்களும் தொலைபேசி எண்களும் ஆஸ்கி இலக்கங்களாகவே சேமிக்கப்பட்டன. ஆதலால் எத்தனை மென்பொருள் மாறினும் அவை தெளிவாகத் தெரிகின்றன. உடைந்தவை பெயர்களே. ஒரு மாணவர் பெற்ற எண் நிலைத்து, அவர் பெற்றோர் இட்ட பெயர் மட்டும் குறிகளாகக் கரைந்து நிற்பது தமிழ்ப் பதிவேடுகளுக்கு நேர்ந்த தனித் துயரம்.

அத்துயரம் தீராததன்று. கோப்போடு ஒரு சிறு குறிப்பும் இருந்தால் போதும்: எந்த மென்பொருளால் எழுதியது, எந்த எழுத்துரு, எந்த ஆண்டு என்னும் மூன்று செய்திகள். சுவடியின் இறுதியில் எழுதியவர் பெயரும் எழுதி முடித்த நாளும் குறிக்கும் வழக்கம் பழந்தமிழ் ஏடெழுதுவோரிடம் இருந்தது. அவ்வழக்கத்தைக் கணினிப் பதிவேட்டுக்கும் உரியதாக்குதல் இன்றைய ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் கடனாகும். அவ்வாறு செய்தால், இன்று பதியும் பெயரை இன்னும் முப்பது ஆண்டுகள் கழித்துத் திறப்பவரும் பிழையின்றிப் படிப்பர்.